திலோனியா: கட்டியவர்களே பழுதுபார்க்கும் ஒரு வளாகம்

கூரையில் சூரியத் தகடு இருக்க, அதற்குக் கீழே மண்ணெண்ணெய் விளக்கு எரியும் வீடுகளை இந்தியக் கிராமங்களில் பணியாற்றிய பலரும் பார்த்திருப்பார்கள். தகடு எளிதில் கெடுவதில்லை. இருபது, இருபத்தைந்து ஆண்டுகள் அது உழைக்கும். பேட்டரி தேய்ந்துபோகும், பேட்டரியில் மின்னேற்றத்தைக் கட்டுப்படுத்தும் சார்ஜ் கன்ட்ரோலரில் ஒரு சிறு உறுப்பு எரிந்துபோகும், அதை மாற்றத் தெரிந்தவர் மாவட்டத் தலைநகரில் இருப்பார். அவர் வந்து சேரும்வரை அந்த வீட்டுக்குச் சூரிய மின்சாரம் என்பது கூரைமேல் கிடக்கும் ஒரு கண்ணாடிப் பலகை, அவ்வளவுதான். ராஜஸ்தானின் அஜ்மீர் மாவட்டத்தில் உள்ள திலோனியா கிராமத்தை இந்த ஆய்வுக்கு எடுத்துக்கொண்டதற்குக் காரணம், பழுதுபார்க்கும் அறிவு யாரிடம் இருக்க வேண்டும் என்ற கேள்வியை அங்கே கட்டடம் எழும்புவதற்கு முன்பே கேட்டுவிட்டார்கள் என்பதுதான். வட்டாரக் கட்டடக்கலையும் சூரிய மின்சாரமும் அங்கே ஒரே விடையின் இரு பகுதிகளாக அமைந்தன என்பது என் கருத்து.

நிலமும் தொடக்கமும்

ஜெய்ப்பூரிலிருந்து ஏறக்குறைய நூறு கிலோமீட்டர் தொலைவில், பளிங்கு வணிகத்துக்குப் பெயர்பெற்ற கிஷன்கட் வட்டாரத்தில் திலோனியா இருக்கிறது. பாறையும் வறண்ட மண்ணும் கலந்த நிலம். ஆண்டு மழை சராசரியாக 500 மில்லிமீட்டரை ஒட்டி நிற்கும், சில ஆண்டுகளில் அதுவும் பொய்த்துவிடும். கோடையில் வெயில் 45 டிகிரியைத் தொடும். 1972-இல் பங்கர் ராய் என்று அறியப்படும் சஞ்ஜித் ராயும் அவருடைய தோழர்களும் சமூகப் பணி ஆய்வு மையம் என்ற அமைப்பை இங்கே தொடங்கினார்கள். கைவிடப்பட்டுக் கிடந்த ஒரு காசநோய் மருத்துவமனை வளாகத்தை, 45 ஏக்கர் நிலமும் 21 கட்டடங்களும் சேர்த்து, மாதம் ஒரு ரூபாய் வாடகைக்கு அரசிடமிருந்து பெற்றார்கள். பின்னாளில் உலகம் அறிந்த 'வெறுங்கால் கல்லூரி' இதுவே.

முதல் சில ஆண்டுகள் நகரத்திலிருந்து வந்த படித்த நிபுணர்கள்தான் வேலையை நடத்தினார்கள். நிலத்தடி நீரை அளந்தார்கள், ஆய்வறிக்கை எழுதினார்கள், பெரும்பாலோர் சில ஆண்டுகளில் திரும்பிப் போனார்கள். நிபுணர் போனதும் அவருடைய அறிவும் கூடவே போய்விடுகிறது என்பதை நேரில் கண்டபிறகே, வேலையை ஊராரிடம் ஒப்படைக்கும் முடிவுக்கு மையம் வந்தது. இதை முதலில் செய்துபார்த்தது கைப்பம்பில்.

1970களில் இந்தியா மார்க் 2 என்ற கைப்பம்பு நாடெங்கும் பரவியபோது, அதைப் பராமரிக்க மூன்றடுக்கு முறை ஒன்று தமிழ்நாட்டில் உருவாகிப் பிற மாநிலங்களுக்கும் சென்றது. கிராமத்தில் ஒரு பொறுப்பாளர், வட்டார அளவில் ஒரு மெக்கானிக், மாவட்ட அளவில் வண்டியும் கருவிகளும் கொண்ட ஒரு குழு என்பது அதன் அமைப்பு. பம்பு பழுதானால் கிராமத்தார் கடிதம் எழுதிவிட்டுக் காத்திருக்க வேண்டும். திலோனியா இதற்கு மாறாக ஓரடுக்கு முறையை முன்வைத்தது. பக்கத்து ஊர்க்காரர் ஒருவருக்கே பயிற்சியும் கருவிப்பெட்டியும் கொடுத்து, சுற்றிலும் உள்ள பம்புகளை அவர் பொறுப்பில் விட்டுவிடுவது அந்த முறை. 'கைப்பம்பு மிஸ்திரி' என்று பெயர்பெற்ற இந்த ஏற்பாட்டை ராஜஸ்தான் அரசும் பின்னர் ஏற்றுக்கொண்டது. கட்டடத்தைப் பற்றிய ஆய்வில் பம்பைப் பற்றி இவ்வளவு சொல்வதற்குக் காரணம் உண்டு. பின்னால் வந்த வளாகம், அதன் கூரை, தகடுகள், அடுப்பு ஆகிய அனைத்திலும் இதே எண்ணம்தான் தொடர்ந்தது.

கல், சுண்ணாம்பு, வெல்லம்

புதிய வளாகத்தின் வேலை 1986-இல் தொடங்கி 1989 வாக்கில் முடிந்தது. குடியிருப்புகள், விருந்தினர் விடுதி, நூலகம், உணவுக்கூடம், கூட்ட அரங்குகள், சிறு மருத்துவமனை, ஆய்வகம், திறந்தவெளி மேடை என்று ஒரு சிற்றூருக்கு வேண்டியவை எல்லாம் அதில் அடங்கும். கட்டுமானத்துக்குத் தலைமை தாங்கியவர் திலோனியாவைச் சேர்ந்த, எழுதப் படிக்கத் தெரியாத விவசாயி பன்வர் ஜாட். அவருடன் இன்னும் பன்னிரண்டு பேர் கட்டடப் பொறுப்பாளர்களாக வேலை செய்தார்கள். ஓர் இளம் கட்டடக் கலைஞர் வரைபடங்களைத் தயாரித்தார். அந்த வரைபடங்கள் குடியிருக்கப் போகிறவர்களோடும் கொத்தனார்களோடும் நடந்த பேச்சில் பலமுறை மாறின.

சுவர்கள் உள்ளூரில் கிடைக்கும் கரடுமுரடான கல்லைச் சுண்ணாம்புக் கலவையில் அடுக்கி எழுப்பியவை. கூரைக்குக் கற்பலகைகள். ராஜஸ்தானத்துக் கற்பலகைக் கூரையில் ஒரு கட்டுப்பாடு உண்டு: பலகையின் நீளமே அறையின் அகலத்தை முடிவுசெய்யும். ஆகவே அறைகள் ஒடுங்கி, முற்றத்தைச் சுற்றி வரிசையாக அமைகின்றன, முற்றமே பகலில் பெரிய அறையின் வேலையைச் செய்கிறது. தடித்த கல்சுவர் நண்பகல் வெப்பத்தை உள்ளே விடப் பல மணி நேரம் எடுத்துக்கொள்ளும். அது உள்ளே வந்து சேரும் நேரத்தில் வெளியே பாலைவனத்து இரவுக் காற்று குளிர்ந்திருக்கும். சுண்ணாம்புக் கலவையின் இன்னொரு சிறப்பைக் கட்டட நூல்கள் போதிய அழுத்தத்தோடு சொல்வதில்லை என்று நினைக்கிறேன். விரிசல் விட்ட இடத்தைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதுக் கலவை பூசலாம். சுவரையே பிரிக்க நேர்ந்தாலும் கல் கல்லாகவே திரும்பக் கிடைக்கும். சிமென்டில் ஒட்டிய கல்லை அப்படி மீட்பது கடினம். பழுதுபார்ப்பதை மனத்தில் வைத்துக் கட்டுகிறவர்களுக்குச் சுண்ணாம்பு இதனாலேயே உகந்தது.

கூரை ஒழுகாமல் இருக்க மேற்பூச்சு போட்டவர்கள் பெண்கள். அந்தப் பூச்சில் வெல்லம் சேர்வது வெளியே தெரியும். மற்றவை என்னென்ன, எந்த அளவில் என்பதைப் பெண்கள் தங்களுக்குள்ளேயே வைத்திருக்கிறார்கள், ஆண்களிடம் சொல்வதில்லை என்று பங்கர் ராய் பொதுமேடைகளில் கூறியிருக்கிறார். 1986-இல் போட்ட கூரை அதன்பிறகு ஒழுகவில்லை என்பதும் அவர் கூற்று. நம்மூர்ப் பழைய மச்சு வீடுகளின் தளத்துக்குக் கடுக்காய் ஊறவைத்த நீரும் பனைவெல்லமும் சேர்த்துச் சுண்ணாம்பு அரைத்த கொத்தனார்களை அறிந்தவர்களுக்கு இது வியப்பாக இராது. சர்க்கரைப் பொருள் சுண்ணாம்பு நீரில் கரைவதைக் கூட்டுகிறது, கலவை இறுகுவதைத் தாமதப்படுத்துகிறது, குறைந்த நீரிலேயே அதைக் குழைவாக்குகிறது. அதனால் பூச்சு நெருக்கமாக அமைகிறது. இந்த அறிவு எந்தப் பொறியியல் பட்டத்திலிருந்தும் வந்ததல்ல. ஆண்டுதோறும் மழைக்கு முன் கூரையேறிப் பார்த்தவர்களின் கைகளில் சேர்ந்தது அது.

கூரைகள் செய்யும் இன்னொரு வேலை நீர் சேர்ப்பது. வளாகத்துக் கூரைகளில் விழும் மழை குழாய்கள் வழியே இறங்கி, திறந்தவெளி மேடைக்கு அடியில் உள்ள 4 லட்சம் லிட்டர் தொட்டியில் சேர்கிறது. ஒரு சதுர மீட்டர் கூரையில் 500 மில்லிமீட்டர் மழை பெய்தால் 500 லிட்டர். அதில் ஐந்தில் ஒரு பங்கு தெறிப்பிலும் ஆவியிலும் போனாலும் 400 லிட்டர் நிற்கும். அப்படியானால் இந்தத் தொட்டியை நிரப்ப ஆயிரம் சதுர மீட்டர் கூரை போதும். வளாகத்தின் கூரைப் பரப்பு இதைவிடப் பல மடங்கு பெரியது என்பதால், சராசரியில் பாதி மழை பெய்த ஆண்டிலும் தொட்டி நிரம்பும். நிலத்தடி நீர் உப்புக் கரிக்கும் ஒரு வட்டாரத்தில் இது வசதி என்பதைவிட வாழ்வாதாரம் என்றே சொல்ல வேண்டும்.

மரம் அரிதான இடம் என்பதால், சில கட்டடங்களுக்கு உள்ளூர்க் கொல்லர்கள் இரும்பில் முக்கோணங்களை இணைத்துக் கட்டும் கவிமாடங்களைச் செய்தார்கள். அமெரிக்க வடிவமைப்பாளர் பக்மின்ஸ்டர் ஃபுல்லரின் பெயரோடு உலகம் அறிந்த அமைப்பு இது. மாட்டுவண்டி, பம்பு, உழவுக் கருவி ஆகியவற்றின் பழைய இரும்பை வெட்டி, துளையிட்டு, முடுக்கி அதை எழுப்பினார்கள். வட்டாரக் கட்டடக்கலை என்றால் பழையதை அப்படியே திரும்பச் செய்வது என்று எண்ணுகிறவர்கள் இந்தக் கவிமாடங்களைக் கவனிக்க வேண்டும். வடிவம் வெளியிலிருந்து வந்தது. பொருளும் கையும் உள்ளூரில் இருந்தன. ஒரு கம்பி வளைந்தால் நேராக்க அதே கொல்லர் அடுத்த தெருவில் இருந்தார்.

செலவும் கூலியும்

இந்த வளாகம் சதுர அடிக்கு ஏறக்குறைய ஒன்றரை டாலர் செலவில் கட்டப்பட்டது என்று கல்லூரி சொல்கிறது. இவ்வளவு குறைந்த தொகையைக் கேட்டதும் எழ வேண்டிய ஐயம், உழைத்தவர்களின் வயிற்றில் அடித்துத்தான் இது மிச்சமானதோ என்பது. இங்கே ஒரு வழக்கை நினைவுகூர்வது நியாயம். அதே கிஷன்கட் பகுதியில் பஞ்ச நிவாரணப் பணியாகச் சாலை போட்ட பெண்களுக்குக் குறைந்தபட்சக் கூலிகூடக் கொடுக்கப்படாததை எதிர்த்து உச்ச நீதிமன்றத்துக்குப் போனவர் இதே சஞ்ஜித் ராய். நிவாரணப் பணி என்ற பெயரில் குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுத்து வேலை வாங்குவது அரசியலமைப்பின் 23-ஆம் உறுப்பு தடைசெய்யும் கட்டாய உழைப்பே என்று 1983-இல் தீர்ப்பு வந்தது. அந்தத் தீர்ப்புக்கு மூன்றே ஆண்டுகள் கழித்துத்தான் வளாகத்தின் வேலை தொடங்கியது. கல்லும் சுண்ணாம்பும் பக்கத்திலேயே கிடைத்ததும், ஒப்பந்ததாரர் என்ற இடைத்தட்டு இல்லாததும், பழைய இரும்பு பயன்பட்டதும் செலவு குறைந்ததை விளக்கப் பெரும்பாலும் போதுமானவை.

தகடும் பேட்டரியும் அடுப்பும்

1989 முதல் வளாகம் சூரிய மின்சாரத்தில் இயங்குகிறது. தகடுகளின் திறன் 40 கிலோவாட் அளவை எட்டியபோது, ஒவ்வொன்றிலும் 136 பேட்டரிகள் கொண்ட ஐந்து தொகுதிகள் அதைச் சேமித்தன. விளக்குகள், மின்விசிறிகள், கணினிகள், நீரேற்றும் பம்பு, தொலைபேசி இணைப்பகம் என எல்லாம் அதில் ஓடின. இன்றைய அளவுகோலில் 40 கிலோவாட் மிகச் சிறியது. ஒரு நடுத்தரத் தொழிற்சாலையின் கூரையிலேயே அதைவிடக் கூடுதலாக இருக்கும். கவனிக்க வேண்டியது வேறு. தகடும் பேட்டரியும் வெளியிலிருந்து வந்தாலும், இன்வெர்ட்டர், சார்ஜ் கன்ட்ரோலர், பேட்டரிப் பெட்டி, தகட்டைத் தாங்கும் சட்டம் ஆகியவற்றை வளாகத்திலேயே செய்தார்கள். செய்தவர்கள் பெரும்பாலும் பள்ளிப் படிப்பை முடிக்காத கிராமத்து ஆண்களும் பெண்களும். சர்க்யூட் அட்டையில் எந்த ரெசிஸ்டர் எங்கே உட்கார வேண்டும் என்பதை அதன் வண்ணக் கோடுகளைக் கொண்டு அடையாளம் கண்டு, பற்றவைத்து, மல்டிமீட்டரை வைத்துச் சோதித்து, தவறு இருந்தால் கழற்றி மறுபடி வைப்பது என்ற பயிற்சியில் பாடப்புத்தகத்துக்கு வேலை குறைவு.

சமையலுக்கு நிழலில் நிற்கும் பானையின் அடியில் வெயிலைக் கொண்டு சேர்க்கும் பரவளைவு அடுப்பு உண்டு. வளைந்த இரும்புச் சட்டத்தில் சிறு சிறு கண்ணாடித் துண்டுகளை ஒட்டிச் செய்த பெரிய தட்டு அது. சூரியன் மணிக்கு 15 பாகை நகர்வதற்கேற்பத் தட்டும் மெல்லத் திரும்ப வேண்டும்; இல்லாவிட்டால் ஒளிப்புள்ளி பானையை விட்டு விலகிவிடும். சைக்கிள் உதிரிபாகங்களையும் கடிகாரம்போல இயங்கும் ஒரு பொறியையும் கொண்டு அந்தத் திருப்பத்தை அமைத்திருக்கிறார்கள். கம்பியை அளந்து வெட்டி, வளைத்து, வெல்டிங் செய்து இந்த அடுப்பை உருவாக்குபவர்கள் அந்த வட்டாரத்துப் பெண்களே. வளைவில் சிறு பிழை நேர்ந்தாலும் ஒளி சிதறிவிடும். வெல்டிங் கண்ணாடி அணிந்த அந்தப் பெண்களின் கைத்திறனுக்கு 'எளிய தொழில்நுட்பம்' என்ற பெயரைச் சூட்டுவது அவர்களுக்குச் செய்யும் அநீதி.

விருதும் அதன் திரும்பலும்

2001-ஆம் ஆண்டுக்கான ஆகா கான் கட்டடக்கலை விருது பெற்ற ஒன்பது திட்டங்களில் திலோனியாவும் ஒன்று. பன்வர் ஜாட்டும் அவருடைய கூட்டாளிகளும் 'வெறுங்கால் கட்டடக் கலைஞர்கள்' என்று பாராட்டப்பட்டார்கள். அதன்பின் சர்ச்சை எழுந்தது. வளாகத்தை வடிவமைத்தவர் வரைபடம் தயாரித்த கட்டடக் கலைஞரே என்ற வாதம் முன்வந்தது. வரைபடம் அவருடையதுதான், கட்டியவர்கள் கிராமத்தாரே என்று கல்லூரி நின்றது. முடிவில் 2002-இல் கல்லூரி 50,000 டாலர் பரிசுத்தொகையோடு விருதைத் திருப்பிக் கொடுத்துவிட்டது.

இரு தரப்பிலும் உண்மை இருந்தது என்றே நான் கருதுகிறேன். முற்றங்களின் அளவும் கட்டடங்களின் அடுக்கும் நடைபாதைகளின் போக்கும் ஒரு பயின்ற கண்ணின் வேலை. அதை மறைப்பது தவறு. கற்பலகை எவ்வளவு தூரம் தாங்கும், எந்தச் சுவர் எங்கே தடிக்க வேண்டும், எந்தக் கல்லை எந்தப் பக்கமாகப் படுக்கவைக்க வேண்டும் என்பவற்றை அறிந்து வரைபடத்தைத் திருத்திய கைகளை வெறும் உழைப்பு என்று ஒதுக்குவது அதைவிடப் பெரிய தவறு. 'கட்டடக் கலைஞர்' என்ற ஒரே பெயருக்காக இருவரும் மோத வேண்டியதாயிற்று. இந்தச் சர்ச்சையில் என்னை மிகவும் வருத்துவது வேறொன்று: வரைந்தவரா, அடுக்கியவரா என்று பேச்சு நடந்துகொண்டிருக்க, கூரையை ஒழுகாமல் காத்த பெண்களைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசவில்லை.

வெளியே போனது எது

திலோனியாவின் கட்டட முறை வேறெங்கும் பெரிதாகப் பரவவில்லை. அதைக் குறையாகச் சொல்ல முடியாது. நிலநடுக்க ஆபத்து குறைந்த, கல் மலிந்த, மழை குறைந்த ஒரு நிலத்துக்கான விடை அது. விருது அறிவிக்கப்பட்ட அதே 2001-இன் ஜனவரி 26 அன்று குஜராத்தின் கட்ச் பகுதியில் நிலம் நடுங்கியபோது, ஒழுங்கற்ற கல்லை அடுக்கி எழுப்பிய சுவர்கள் பெருமளவில் சரிந்து ஆட்களைப் புதைத்தன. திலோனியாவின் சுவரை அங்கே அப்படியே கொண்டுபோய் வைத்திருந்தால் அது கொலைக்கருவியாகியிருக்கும்.

பரவியது பழுதுபார்க்கும் ஏற்பாடு. 1990களில் லடாக்கின் மலைக் கிராமங்களுக்குப் போனது. 2000களின் நடுவில் ஆப்கானிஸ்தானத்துப் பெண்கள் திலோனியாவுக்கு வந்தார்கள். பின்னர் ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து நடுவயதுத் தாய்மாரும் பாட்டிமாரும் வந்தார்கள். பயணத்துக்கும் பயிற்சிக்கும் இந்திய அரசின் தொழில்நுட்ப ஒத்துழைப்புத் திட்டம் கைகொடுத்தது. பயிற்சிக் காலம் ஆறு மாதம். பொதுமொழி ஏதும் இல்லாததால் சைகையும் வண்ணமும் செய்துகாட்டலுமே பாடம். முடிவில் சான்றிதழ் கிடையாது; சான்றிதழ் கையில் வந்தால் அதைக் கொண்டு நகரத்தில் வேலை தேடத் தோன்றும் என்பது கல்லூரியின் எண்ணம். இளைஞர்களைவிட நடுவயதுப் பெண்களைத் தேர்ந்தெடுப்பதும் இதே கணக்கில்தான். ஊரைவிட்டுப் போகாதவரிடம் கற்றுக்கொடுத்தால்தான் ஊரின் விளக்கு தொடர்ந்து எரியும். இளம்பெண்களின் வாய்ப்பை இது குறுக்குகிறதே என்ற கேள்வி நியாயமானது, ஆனால் பராமரிப்பு என்ற ஒற்றை நோக்கில் இந்தத் தேர்வு சரியானது என்றே சொல்வேன்.

பலவீனமான இடம் பணம். தகடும் பேட்டரியும் கிராமத்துக்கு வந்துசேரும் முதல் செலவை அரசோ நன்கொடையாளரோதான் ஏற்கிறார்கள். அதன்பின் ஊரின் எரிசக்திக் குழு, மண்ணெண்ணெய்க்கும் மெழுகுவர்த்திக்கும் டார்ச் பேட்டரிக்கும் ஒரு குடும்பம் செலவழித்துவந்த தொகையைக் கணக்கிட்டு, அதற்கு ஈடான மாதக் கட்டணத்தை வசூலிக்கிறது. அதிலிருந்து சூரியப் பொறியாளருக்கு ஊதியமும் உதிரிபாகத்துக்கு நிதியும் வர வேண்டும். ஈய-அமில பேட்டரி ஐந்தாறு ஆண்டுகளில் மாற்ற வேண்டிய நிலைக்கு வந்துவிடும். அதற்குள் நிதி சேரவில்லை என்றால் எவ்வளவு திறமையான பொறியாளரும் கையைப் பிசைந்துகொண்டு நிற்க வேண்டியதுதான். மின்வாரியக் கம்பி ஊருக்குள் வந்துவிட்டால் கட்டணம் செலுத்தும் ஆர்வம் குறைவதும் இயல்பு.

இதனால்தான் உபகரணம் வருவதற்கு முன் கிராமத்திடம் கல்லூரி கேட்பவை முக்கியமாகின்றன. ஊர்க்கூட்டம் கூட வேண்டும், குழுவைத் தேர்ந்தெடுக்க வேண்டும், மாதக் கட்டணத்தை ஊரே முடிவுசெய்ய வேண்டும், பயிற்சிக்கு அனுப்பும் பெண்ணையும் ஊரே குறிப்பிட வேண்டும். இவற்றோடு, பழுதுபார்க்கும் பட்டறைக்காக ஓர் அறையையும் ஊர் ஒதுக்கித் தர வேண்டும். மேசை, பற்றவைக்கும் கருவி, மல்டிமீட்டர், உதிரிபாகப் பெட்டி ஆகியவை அடங்கும் அந்த அறையின் சுவர் மண்ணாக இருக்கலாம், கல்லாக இருக்கலாம், கூரை தகரமாகவும் இருக்கலாம். அதை அந்த ஊரின் கொத்தனாரே முடிவுசெய்துகொள்கிறார்.